இரும்பு ட்சுபாவில் செந்துரு, கறுப்பு ஷாகுடோவில் சந்தேகம்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

கடலோரக்காக்கை:

வணக்கம். ஜப்பானிய ஏலத்தளம் ஒன்றில் இரண்டு உருப்படி எடுத்திருக்கிறேன்.

ஒன்று, இரும்பு ட்சுபா (வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவே வரும் தட்டு). உயரம் 7.8 செ.மீ., விளிம்பில் தடிமன் 5 மி.மீ. கொக்கு உருவத்தை ஊடுருவ வெட்டிய ஸுகாஷி வேலை. கையெழுத்து இல்லை. ஒரு பக்கம் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குச் செந்துரு.

இன்னொன்று ஃபுச்சி-காஷிரா ஜோடி, அதாவது பிடியின் கழுத்துப்பட்டையும் கொண்டைமூடியும். கறுப்பு நானாகோ (பொடி மணிகளாகப் புடைத்த) தளத்தின் மேல் தங்கச் செவ்வந்தி. விற்றவர் ஷாகுடோ, அதாவது தங்கம் கலந்த செம்பு, என்கிறார்.

ட்சுபா வார்ப்பா, அடித்துச் செய்ததா? கறுப்பு நிஜமான ஷாகுடோதானா? வீட்டில் புளி போட்டுத் தேய்த்தால் இரண்டும் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். இருப்பது பெசன்ட் நகர், கடலிலிருந்து நாலு தெரு.

உளிச்சத்தம்:

புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, திருநீறு, பித்தளை பாலிஷ் எதுவும் கிட்டே வரக்கூடாது. நீங்கள் காசு கொடுத்தது அந்தக் கறுப்புத் தோலுக்குத்தான்.

வார்ப்பா என்று பார்க்க, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். மேல்பரப்பை விட்டுவிட்டு, சிறகுகளுக்கு இடையே உள்ள துளைகளின் உள்சுவரைப் பாருங்கள். வெட்டி அரம் போட்ட வேலையென்றால் அரத்தின் கீற்றுகள் தெரியும், மூலைகள் கூராக இருக்கும். வார்ப்பில் மூலைகள் மழுங்கியிருக்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், சுவரின் நடுவே மயிரிழை போல ஒரு வரம்பு ஓடும். அதை அராவி எடுத்திருந்தால் அங்கே மட்டும் மேற்பரப்பு வேறு மாதிரி இருக்கும். மணல் தூவினாற்போல் எல்லா இடத்திலும் ஒரே அளவுக் குழிகள் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். துரு அரித்த குழி அவ்வளவு ஒழுங்காக விழாது.

நூலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அடித்த இரும்பு மணி போல இழுத்து ஒலிக்கும், வார்ப்பு 'டொக்' என்று நிற்கும். இதை மட்டும் நம்ப வேண்டாம். ஸுகாஷி அதிகமுள்ள நல்ல ட்சுபாக்களும் சில நேரம் ஊமையாக இருக்கும்.

அடுத்து நடுத்துளை, நககோ-அனா. வாளில் பூட்டிய தட்டென்றால் துளையின் மேலும் கீழும் செம்புத் துண்டு செருகியிருக்கலாம். புது அலகுக்குப் பொருத்தும்போது இறுக்குவதற்காக வைப்பது. ஓரத்தில் உளியால் கொத்தி நெருக்கிய தடங்களும், சுற்றிலும் செப்பா என்ற இடைவளையம் அமர்ந்த நீள்வட்டச் சுவடும் இருக்கலாம். இவை இல்லாததாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. பூட்டாமலே பெட்டியில் கிடந்தவையும் உண்டு. 1876-இல் வாள் அணியத் தடை வந்தபின் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே செய்தவையும் ஏராளம்.

கையெழுத்து இல்லையே என்று வருந்தாதீர்கள். பெரிய பெயர் வெட்டிய தட்டில்தான் பொய் அதிகம். ஹிகோனே ஊர்க் கைவினைஞர் 'சோடென்' பெயரோடு வருவதில் பெரும்பாலானவை அந்தப் பாணியைப் பார்த்து மற்றவர்கள் செய்தவை. மெய்ஜி காலத்துப் பெரிய உலோகச் சிற்பி கானோ நாட்சுவோ பெயர் மலிவாக வந்தால் யோசிக்கவே வேண்டாம், தாண்டிப் போய்விடுங்கள்.

செம்புத்தூள்:

ஷாகுடோ என்பது செம்பில் சுமார் 3 முதல் 5 சதவீதம் தங்கம் சேர்த்த உலோகம். உருக்கி எடுத்தால் பழைய செம்பு போலத்தான் இருக்கும். மயில்துத்தமும் ரொகுஷோ என்ற செம்புப் பச்சையும் கரைத்த நீரில் காய்ச்சும்போதுதான் காக்கைச் சிறகின் நீலக்கறுப்பு வருகிறது. சாதாரணச் செம்பைக் கந்தகத்தால் கறுப்பாக்கினால் பழுப்போடிய கரிக்கறுப்புதான் கிடைக்கும், அந்த நீலம் வராது. ஜன்னலோரம் வெயில் சாய்வாக விழும்படி பிடித்துத் திருப்பிப் பாருங்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் நம்மூரிலேயே வழி இருக்கிறது. நகைக்கடைகளில் கேரட் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொல்லுங்கள், பொருளுக்குச் சேதமில்லை. தங்கப் பூவிலிருந்து தள்ளி, வெறும் நானாகோ தளத்தில் புள்ளி விழ வேண்டும். ஃபுச்சியின் உள்தட்டில் வைக்காதீர்கள், அது பெரும்பாலும் தனிச் செம்பு. இயந்திரம் நகைத் தங்கத்துக்காகச் சரிபார்த்தது. அதனால் 3.2, 4.1 என்று காட்டும் எண்ணை நம்பாமல், தங்கம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உரைகல்லில் உரசிப் பார்க்கட்டுமா என்று கேட்டால் பொருளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நானாகோவையும் லென்ஸில் பாருங்கள். ஒவ்வொரு மணியும் குழிமுனை உளியால் ஒரே அடியில் எழுந்தது, மில்லிமீட்டருக்கும் குறைவு. அடுத்தடுத்த மணிகளுக்கு நடுவே தெளிவான பள்ளம் இருக்கும். வார்ப்பில் மணிகள் ரவை உப்புமா மாதிரி ஒட்டிக்கிடக்கும்.

கடலோரக்காக்கை:

துளைகளில் அரக்கீற்று தெரிகிறது, வரம்பு இல்லை. எக்ஸ்ரேயில் தங்கம் காட்டுகிறது. இருவருக்கும் நன்றி! காஷிராவின் உச்சி மட்டும் தேய்ந்து செம்பு தெரிகிறது. அதே கரைசலில் நானே காய்ச்சலாமா? துருவை என்ன செய்வது?

செம்புத்தூள்:

வேண்டாம். தேய்ந்த இடத்துக்கு மட்டும் நிறம் ஏற்ற முடியாது. மிச்சமிருக்கும் பழைய தோலை முழுக்க எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து, துருவிய முள்ளங்கிச் சாற்றில் முக்கி, செம்புப் பாத்திரத்தில் காய்ச்ச வேண்டும். ஒரு விரல் ரேகை பட்டிருந்தால் திட்டுத்திட்டாக வரும். இரும்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் கம்பியில் செம்பு படிந்து கரைசலே கெடும். கை பழக வேண்டுமென்றால் புதுச் செம்புத்தகட்டில் செய்து பாருங்கள். பழசு அப்படியே இருக்கட்டும். அதன் மேல் அழுக்கு இருந்தால் வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு மிதமான சோப்பு, மென்மையான பிரஷ், உடனே ஈரம் போகத் துடைத்தல். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உளிச்சத்தம்:

துருவுக்கு ஜப்பானில் மான் கொம்பு. இங்கே அதைத் தேடிப் போகாதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். கசாப்புக் கடையில் கிடைக்கும் நல்லி எலும்பு போதும். கொழுப்பு போக இரண்டு மூன்று முறை கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, உளி முனை போலச் சீவிக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லாமல், செந்துருவின் மேல் மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டும். எலும்பு இரும்பைவிட மென்மை, உதிரும் துருவைத்தான் எடுக்கும். அடியிலுள்ள கருந்தோல் பிழைக்கும். கம்பிப் பஞ்சும் உப்புத்தாளும் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும். தினம் பத்து நிமிடம், பிறகு பருத்தித் துணியால் துடைப்பு. துணியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டுவது நின்றால் வேலை முடிந்தது. வாரக்கணக்கில் ஆகும். ஸுகாஷி இடுக்குக்கு மூங்கில் குச்சி. இன்னொரு ட்சுபா வாங்கி அதில் தங்கப் பதிப்பு வேலை இருந்தால் அங்கே எலும்பே படக்கூடாது. நுனோமே என்ற பதிப்பு வேலையில் தங்கம் மெல்லிய தகடு, கீறிய இரும்பில் அடித்து ஒட்டியது. நெருடினால் உரிந்துவிடும்.

பெசன்ட் நகர் காற்றுக்குத் திறந்த அலமாரி ஆகாது. ரப்பர் காஸ்கெட் வைத்த டப்பாக்கள் வேண்டாம், ரப்பரிலும் கம்பளியிலும் உள்ள கந்தகம் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். கிளிப் மூடி பாலிபுரொப்பிலீன் டப்பா, காஸ்கெட் சிலிக்கோனா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே துவைத்த வெளுக்காத பருத்தித் துணி, நூறு கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து மறுபடி போடலாம். இரும்பையும் ஷாகுடோவையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள், நானாகோ மணிகள் நசுங்கும்.