ஹாஸ்ஆட்டர் வரியிலேயே கீ எரர் – பைத்தான் 2.7-இல் ஓடியதே?

கடைக்கணக்கு:
2.7-இல் ஓடிக்கொண்டிருந்த பில்லிங் ஸ்கிரிப்டை இப்போதுதான் பைத்தான் 3-க்கு மாற்றுகிறேன் (சிரிக்காதீர்கள்). வாடிக்கையாளர் ஆப்ஜெக்ட்டில் தள்ளுபடி பிராப்பர்ட்டி (கேட்கும்போது கோடு ஓடி மதிப்பைத் தரும் பண்பு) இருக்கிறதா என்று ஹாஸ்ஆட்டர் போட்டுப் பார்க்கும் வரி. பழையதில் சத்தமே இல்லை. புதியதில் அங்கேயே கீ எரர் (டிக்ஷனரியில் தேடிய கீ இல்லை என்ற எரர்). இருக்கிறதா என்று கேட்டால் எரர் எதற்கு? ட்ரை போட்டு, எந்த எரரையும் பிடிக்கும் வெறும் எக்ஸெப்ட் வைத்து மூடிவிடட்டுமா?

பழையவன்:
மூடாதீர்கள். இத்தனை நாள் மூடி வைத்திருந்ததே பைத்தான்தான்.

ஹாஸ்ஆட்டர் உள்ளே, பண்பின் மதிப்பை எடுக்கும் கெட்ஆட்டரைத்தான் கூப்பிடுகிறது. அதனால் பிராப்பர்ட்டிக்குள் இருக்கும் கோடு முழுவதும் ஓடும். 2.7-இல் அங்கே என்ன எரர் வந்தாலும், கன்ட்ரோல்-சி போன்ற ஓரிரண்டு தவிர, விழுங்கிவிட்டு ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். 2011-இல் வந்த 3.2-இல்தான் திருத்தினார்கள்: அட்ரிப்யூட் எரர் (அப்படி ஒரு பண்பு இல்லை என்ற எரர்) வந்தால் மட்டும் ஃபால்ஸ், மற்றதெல்லாம் வெளியே வரும். அந்த பிராப்பர்ட்டி எந்த டிக்ஷனரியைத் தொடுகிறது, எந்த கீ இல்லை என்று பாருங்கள்.

நடுநிசி:
திருத்தியும் பாதிக் கிணறுதான். பிராப்பர்ட்டிக்குள் ஒரு வேரியபிள் None (மதிப்பு எதுவும் இல்லை) ஆக இருந்து, அதன் மேல் புள்ளி வைத்து எதையாவது கேட்டால் வருவதும் அட்ரிப்யூட் எரர்தானே? இன்றைக்கும் அது சத்தமில்லாமல் ஃபால்ஸ் ஆகிவிடும். ஒரு முறை இதற்காக இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். நான் இப்போது ஆப்ஜெக்ட்டைக் கேட்பதில்லை, அதன் கிளாஸைக் கேட்கிறேன். பிராப்பர்ட்டி ஓடாது, பதில் மட்டும் கிடைக்கும்.

கடைக்கணக்கு:
பார்த்துவிட்டேன். கடையின் ஒரு கிளைக்கான செட்டிங்ஸில் தள்ளுபடி விகிதம் என்ற கீயே இல்லை. அந்தக் கிளையில் யாருக்கும் இதுவரை தள்ளுபடி போகவில்லை! டிக்ஷனரியில் கெட் போட்டு, இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வைக்கலாமா?

பழையவன்:
அதுவும் மூடுவதுதான். கீயைச் சேருங்கள், இல்லாவிட்டால் எரர் வந்து விழட்டும். அப்புறம், ஜெனரேட்டருக்குள் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன்) அடுத்ததைக் கேட்கும் வெறும் நெக்ஸ்ட் இருந்தால் அதையும் பாருங்கள். முன்பு அங்கே ஸ்டாப்இட்டரேஷன் (இனி மதிப்பு இல்லை என்ற எரர்) வந்தால் லூப் பேசாமல் முடிந்துவிடும். 3.7 முதல் ரன்டைம் எரர்.

கடைக்கணக்கு:
அப்படி நான்கு இடம் இருக்கிறது. முதலில் மேனேஜரிடம் தள்ளுபடியைச் சொல்லிவிட்டு வருகிறேன்.