மறுமொழி: ‘ஹோம் ஸ்டடி’க்குத் தமிழ்ச்சொல் – ‘வளர்சூழல் ஆய்வு’ எப்படி?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம். மணமுறிவு வழக்கில் பிள்ளை யாரிடம் இருப்பது நல்லது என்று அதிகாரி ஒருவர் ஆய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவதைத்தான் இந்த இழையில் ‘ஹோம் ஸ்டடி’ என்று பேசிவருகிறோம். சிங்கப்பூரில் பெற்றோருக்காக அச்சிடவிருக்கும் துண்டேட்டில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பதே கேள்வி.

> ‘இல்ல ஆய்வு’ சுருக்கமாக இருக்கிறது, நேர்ப்பொருளும் தருகிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, சுருக்கம் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் ‘இல்லம்’ என்றால் முதியோர் இல்லம், சிறுவர் இல்லம் என்றுதான் காதில் விழும். மணமுறிவு வழக்கில் நிற்கும் ஒரு தாயிடம் “நீதிமன்றம் இல்ல ஆய்வுக்கு உத்தரவிட்டிருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையை எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கப்போகிறார்கள் என்று பதறிவிடுவார். குடும்பச் சேவை நிலையத்தில் தொண்டூழியராக மொழிபெயர்த்துக் கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தச் சொல்லை முதலில் கேட்பவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர், பாட்டிகள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் சோறு போடுவதும் பெரும்பாலும் அவர்கள்தாம். அதிகாரி அவர்களிடமும் பேசக்கூடும்.

‘வீட்டு மதிப்பீடு’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அது இதைவிடச் சிக்கல். மணமுறிவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை யாருக்கு, எந்த விகிதத்தில் என்று பிரிக்கும் பேச்சும் கூடவே நடக்கும். ‘வீட்டு மதிப்பீடு’ என்றதும் வீட்டின் சந்தை விலையைத்தான் நினைப்பார்கள். ‘வீட்டுச் சோதனை’ வேண்டவே வேண்டாம். போலிஸ் கதவைத் தட்டும் நினைவுதான் வரும். ‘விசாரணை’யும் அப்படியே.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ‘வீட்டாய்வு’ என்றே வைத்தாலும் என் மனம் ஒப்பவில்லை. ‘வீடு’ என்ற சொல் பார்வையைச் சுவருக்கும் தரைக்கும் திருப்பிவிடுகிறது. ஓரறை வாடகை வீட்டில் இருக்கும் அம்மா, ஐந்தறை வீட்டில் இருக்கும் அப்பாவோடு போட்டிபோட முடியாது என்று முன்கூட்டியே மனம் தளர்ந்துவிடுகிறார். சிலர் கடன் வாங்கிக் கட்டில் வாங்குகிறார்கள், சுவருக்குச் சாயம் அடிக்கிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

உண்மையில் நடப்பது என்ன? சிங்கப்பூரில் மணமுறிவுக்கான சட்டமான மாதர் சாசனத்தின் 125ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. பெற்றோரின் விருப்பத்தையும், தன் கருத்தைத் தானாகச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் அதன்பின் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. 130ஆம் பிரிவு, பிள்ளை நலனில் பயிற்சியோ அனுபவமோ உள்ளவரின் ஆலோசனையை முடிந்தபோதெல்லாம் நீதிமன்றம் பெற வேண்டும் என்கிறது. அந்த ஆலோசனைக்கு நீதிபதி கட்டுப்பட்டவர் அல்லர் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. 21 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் ஆலோசனைக்கும் சமரசப் பேச்சுக்கும் பெற்றோர் போயாக வேண்டும். அங்கும் முடியாத வழக்குகளில்தான் இந்த அறிக்கை தேவைப்படுகிறது. அதிகாரி தாயிடமும் தந்தையிடமும் தனித்தனியே பேசுவார், பிள்ளையிடம் பேசுவார், பிள்ளை ஒவ்வொருவரோடும் எப்படிப் பழகுகிறது என்று கவனிப்பார், தேவைப்பட்டால் பள்ளியிலும் கேட்பார், வீட்டுக்கும் வருவார். வீட்டுக்கு வருவது இதில் ஒரு பகுதிதான். அறிக்கை நேராக நீதிபதிக்குப் போகும். பெற்றோர் கையில் தரப்படுவதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘ஹோம் ஸ்டடி’ என்ற ஆங்கிலப் பெயர் சிங்கப்பூரில் தத்தெடுப்போடு ஒட்டிக்கொண்ட பெயர். அந்தத் துறையிலும் 2022ஆம் ஆண்டின் புதிய தத்தெடுப்புச் சட்டத்துக்குப் பிறகு ‘தகுதி மதிப்பீடு’ என்ற பொருளுடைய பெயருக்கு மாறிவிட்டார்கள். மணமுறிவு வழக்கில் இங்கே வழங்குவது ‘கஸ்டடி இவாலுவேஷன் ரிப்போர்ட்’, அதாவது பிள்ளைப் பொறுப்பு பற்றிய மதிப்பீட்டு அறிக்கை. நீதிமன்ற உத்தரவின் பேரில் வீட்டுக்கு வந்து பார்ப்பதை ‘ஹோம் ஸ்டடி’ என்பது அமெரிக்க வழக்கு. அங்கேயும் டெக்சஸ் மாநிலம் இரண்டுக்கும் பொதுவாக ‘சோஷியல் ஸ்டடி’ என்று வைத்திருந்ததை 2015இல் பிரித்து, பிள்ளை பராமரிப்பு வழக்குக்கு ஒரு பெயர், தத்தெடுப்புக்கு ஒரு பெயர் என்று சட்டத்திலேயே எழுதியது. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி கேட்கப்படும் அறிக்கையின் பொருளே பிள்ளையின் நலன்தான். ஆக, ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

என் பரிந்துரை: செயலுக்கு ‘வளர்சூழல் ஆய்வு’, தாளுக்கு ‘வளர்சூழல் அறிக்கை’.

‘வளர்ப்புச் சூழல்’ என்று முதலில் யோசித்தேன். ‘வளர்ப்புப் பிள்ளை’, ‘வளர்ப்புப் பெற்றோர்’ என்ற வழக்குகள் இருப்பதால் அது பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் பொருந்தாமல் போகிறது. ‘வளர்சூழல்’ வினைத்தொகை. வளர்பிறை, சுடுசோறு போல, காலம் வெளியே தெரியாது. வளர்ந்த சூழல், வளர்கின்ற சூழல், வளரும் சூழல் மூன்றும் உள்ளே இருக்கின்றன. அறிக்கை எழுதுபவர் கேட்பதும் இந்த மூன்றைத்தான். இதுவரை பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்? இப்போது எங்கே, யாரோடு, எப்படி இருக்கிறது? இனி யாரிடம் இருந்தால் நல்லது? ஒரே சொல்லில் இவ்வளவும் அடங்குவது நம் மொழி நமக்குத் தந்திருக்கும் வசதி. அதைப் பயன்படுத்தாமல் ‘ஹோம்’ எங்கே, ‘ஸ்டடி’ எங்கே என்று தேடுவானேன்?

> ‘சூழல்’ என்றால் சுற்றுச்சூழல் துறை என்று நினைக்க மாட்டார்களா?

நினைக்கலாம், அம்மா. அதனால் ஓர் ஆவணத்தில் முதல்முறை வரும்போது ‘பிள்ளை வளர்சூழல் அறிக்கை’ என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்கலாம். ‘குழந்தை’ வேண்டாம், பதினேழு வயது மகனும் இந்த வழக்கில் வருவான், அவனைக் குழந்தை என்றால் அவனுக்கே கோபம் வரும்.

கஸ்டடிக்குக் ‘காவல்’ என்ற சொல்லை இதில் சேர்க்க வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. இங்கே கஸ்டடி என்பது படிப்பு, மருத்துவம், சமயம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் பொறுப்பு. அதைப் பெரும்பாலும் இருவருக்கும் கூட்டாகவே விடுகிறார்கள். பிள்ளை அன்றாடம் யாரோடு இருக்கும், மற்றவர் எப்போது வந்து பார்க்கலாம் என்பதில்தான் சண்டை. ‘காவல்’ என்றால் இந்த வேறுபாடு மறைந்து, தடுப்புக்காவல் நினைவும் சேர்ந்துவிடும். கஸ்டடிக்குத் தனி இழை தொடங்குவோம். அது பெரிய பேச்சு.

பயன்பாட்டுக்கு ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன்:

“உங்கள் வழக்கில் பிள்ளை வளர்சூழல் அறிக்கை ஒன்றை நீதிமன்றம் கேட்டிருக்கிறது. அதிகாரி ஒருவர் உங்களோடும் பிள்ளையோடும் பேசுவார், வீட்டுக்கும் வரக்கூடும். வீடு பெரிதா சிறிதா என்று பார்க்க அவர் வருவதில்லை. பிள்ளை உங்களோடு எப்படி இருக்கிறது என்று அறியவே வருகிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.”

கடைசி வரியை நிலையத்தில் நான் வாய்மொழியாகவே சொல்லிவந்திருக்கிறேன். அச்சில் இன்னும் கனிவாகச் சொல்ல வழி இருந்தால் எழுதுங்கள். ஆய்வு செய்பவரை ‘வளர்சூழல் ஆய்வாளர்’ என்பதா, ‘அதிகாரி’ என்றே விடுவதா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. ‘ஆய்வாளர்’ என்றால் தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் காவல் ஆய்வாளர் நினைவு வருமா? ஷரியா நீதிமன்றத்தில் மணமுறிவு வழக்கைக் கண்ட தமிழ் முஸ்லிம் நண்பர்கள், அங்கே வரும் குடும்பங்களிடம் இந்தச் சொல் செல்லுமா என்றும் சொல்ல வேண்டும். துண்டேடு அச்சுக்குப் போகுமுன் உங்கள் பதில்கள் கிடைத்தால் திருத்திக்கொள்வேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து