கிணற்றுத் தண்ணீரில் வீட்டு பியர்: காய்ச்சுவதா, ஆர்.ஓ.வா?

மேட்டுக்காட்டான்:
டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில் இருக்கிறேன். வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறுதான். கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. என் ஸ்டவுட் (கறுப்பு பியர்) அருமையாக வருகிறது. பேல் ஏல் (வெளிர் நிற பியர்) மட்டும் பாக்கு மென்றது மாதிரி நாக்கைப் பிடிக்கிறது. ஆய்வு அறிக்கை, லிட்டருக்கு மில்லிகிராமில்: கால்சியம் 110, பைகார்பனேட் 340, சல்பேட் 28, சோடியம் 12. பி.எச். 7.4. அது சரியாகத்தானே இருக்கிறது?

துளிக்கணக்கு:
தண்ணீரின் பி.எச்.சை விடுங்கள், பைகார்பனேட்டைப் பாருங்கள். மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஊறும் கலவையின் பி.எச். 5.2 முதல் 5.6க்குள் நிற்க வேண்டும். 340 அதை மேலே தூக்கிவிடும். உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். ஸ்டவுட்டில் வறுத்த கறுப்பு மால்ட்டின் அமிலம் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. பேல் ஏலில் அது கிடையாது. உப்புகளை வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) கால்சியம் குளோரைடும் அளந்து போடுங்கள்.

பழைய_பானை:
சொந்தக் கிணற்றை வைத்துக்கொண்டு ஆர்.ஓ.வா! இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பேல் ஏலுக்குப் பேர் வாங்கியதே கடினமான கிணற்று நீரால்தான். அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள் தம்பி. சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும்.

துளிக்கணக்கு:
பர்ட்டன் நீரின் பேருக்குக் காரணம் ஜிப்சம், அதாவது சல்பேட். இவரிடம் வெறும் 28. சல்பேட்டையும் பைகார்பனேட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் அண்ணே.

வேடிக்கை_பார்ப்பவன்:
அங்கே வீட்டில் பியர் போட்டால் போலீஸ் வராதா?

மேட்டுக்காட்டான்:
வராது. 1978ல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இருக்கிறது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், விற்கக் கூடாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் சொன்னபடி நேற்று காய்ச்சினேன். அடியில் கோலமாவு மாதிரி படியும் என்று பார்த்தால், பாத்திரம் பளபளவென்று இருக்கிறது!

துளிக்கணக்கு:
ஆய்வுக்கு எந்தக் குழாயில் பிடித்தீர்கள்?

மேட்டுக்காட்டான்:
தோட்டக் குழாயில். காய்ச்சியது சமையலறைத் தண்ணீர். ஐயோ, நடுவில் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) இருக்கிறது, உப்பு போடும் வகை.

துளிக்கணக்கு:
அதுதான். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். 110 கால்சியத்துக்கு ஈடாகவே சுமார் 126 சோடியம் வந்திருக்கும். பைகார்பனேட் அப்படியே நிற்கும். கூடச் சேர்ந்து படியக் கால்சியம் இல்லாதபோது நாள் முழுக்கக் காய்ச்சினாலும் ஒன்றும் படியாது.

பழைய_பானை:
ஆக, என் வைத்தியத்தில் தப்பில்லை, குழாயில்தான் தப்பு.

துளிக்கணக்கு:
பாதி ஒப்புக்கொள்கிறேன். தோட்டத் தண்ணீரைக் காய்ச்சி பைகார்பனேட் 90க்கு இறங்கினால், கால்சியமும் 28க்கு வந்துவிடும். கால்சியம் குறைந்தது 50 வேண்டும். 20 லிட்டருக்கு 5 கிராம் ஜிப்சம் போட்டால் கால்சியம் 86, சல்பேட் 168 ஆகும். பேல் ஏலுக்கு நல்லதுதான். ஆனால் அவ்வளவு கேஸைச் செலவழிப்பதைவிட ஆர்.ஓ.வைத் தாராளமாகக் கலப்பது சுலபம்.

பழைய_பானை:
கேஸ் அவர் கேஸ், உங்களுக்கென்ன? தம்பி, தோட்டக் குழாயில் ஹோஸைக் கழற்றிவிட்டுப் பிடி. பியரில் ரப்பர் வாடை வந்தால் அதற்கும் இவர் கிணற்றைத்தான் திட்டுவார்.