மாடல் நீராவி இன்ஜின் சக்கரம்: வார்ப்பிரும்பா, ஸ்டீலா?

செந்தூல் கொல்லன்:
நேற்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு மேதாவி, "மாடல் நீராவி இன்ஜினுக்கு வார்ப்பிரும்புச் சக்கரம் வேண்டாம், கீழே விழுந்தால் கண்ணாடி போல் நொறுங்கும், மைல்ட் ஸ்டீல்தான் சரி" என்று எழுதியிருந்தார். தண்டவாளத்தில் ஓட வேண்டிய சக்கரத்தை இவர் எதற்குக் கீழே போடுகிறார்? வார்ப்பிரும்பில் கிராஃபைட், அதான் பென்சில் கரி, செதில் செதிலாக உள்ளேயே கிடக்கிறது, அதனால் லேத்தில் கடையும்போது எண்ணெய் ஊற்றாமலே பொடிப்பொடியாக உதிரும். ஆரக்கால், விளிம்பு, சுழற்சியைச் சமன் செய்யும் எதிர் எடை எல்லாம் ஒரே வார்ப்பில் வந்துவிடும். ஸ்டீல் கட்டையில் ஒவ்வோர் ஆரக்காலாகக் குடைந்து பாருங்கள், பேரன் கல்யாணத்துக்குத்தான் இன்ஜின் ஓடும்.

பட்டர்வொர்த் பையன்:
அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம் அண்ணே. என் கூட்டாளி மேசையிலிருந்து சக்கரம் உருண்டு சிமென்ட் தரையில் விழுந்தது, தண்டவாளத்தை விட்டு நழுவாமல் பிடிக்கிற ஃபிளாஞ்ச் உதட்டில் பிறை மாதிரி ஒரு துண்டு போச்சு. விழாது என்று எழுதித் தருவீர்களா? வார்ப்பிரும்பு அவ்வளவு நல்லதென்றால் நிஜ இன்ஜினுக்கு ஏன் சக்கரத்தைச் சுற்றி ஸ்டீல் டயர் வளையத்தைச் சூடாக்கி மாட்டினார்கள்?

லேத் பட்டறை:
எந்த வார்ப்பிரும்பு? சாம்பல் ரகமா, எஸ்ஜி ரகமா? சாம்பலில் கிராஃபைட் செதிலாக இருக்கும்; எஸ்ஜியில் உருண்டையாக இருக்கும், அது லேசில் உடையாது.

செந்தூல் கொல்லன்:
நிஜ இன்ஜின் கதை எனக்கா? என் தாத்தா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் டயர் மாட்டியவர். 1945இல் அந்தப் பட்டறை மேல் அமெரிக்க விமானம் குண்டு போட்டதைக் கண்ணால் பார்த்தவர். டயர் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம், சக்கரம் முழுவதையும் வீச வேண்டியதில்லை. அதற்குத்தான் ஸ்டீல் டயர். கீழே விழும் என்று பயந்து இல்லை. அந்தச் சக்கரத்தைத் தாத்தா கீழே போட்டிருந்தால் தரைதான் உடைந்திருக்கும்! ரயிலே வராத பினாங்குத் தீவில் மணிக்கூண்டு வைத்து ரயில் நிலையம் கட்டிய ஊர்க்காரருக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்.

பட்டர்வொர்த் பையன்:
அது தீவிலுள்ள ஜார்ஜ்டவுன். நான் எதிர்க்கரை பட்டர்வொர்த். ரயில் எங்கள் பக்கம்தான் நிற்கும், தீவுக்காரர்கள்தான் ஃபெரி ஏறி வர வேண்டும். பூகோளமே தெரியவில்லை, இதில் உலோகம் வேறு. சரி, கீழே விழுந்தால் உடையுமா உடையாதா? அதைச் சொல்லுங்கள்.

ஈப்போ ராணி:
விழுவதை விடுங்கள். வார்ப்பின் மேல்தோலில் மணல் ஒட்டியிருக்கும், மெல்லிய இடம் சீக்கிரம் குளிர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் போக வேண்டும். பயந்து பயந்து மேலாக வருடினால் டூல் முனை மழுங்கிவிடும். கார்பைடு டூல் போட்டு வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் அந்தக் கறுப்புப் பொடி லேத் படுக்கையில் எண்ணெயோடு சேர்ந்தால் அரைத்துத் தள்ளிவிடும், பழைய நாளிதழ் விரித்துக்கொள்ளுங்கள்.

செந்தூல் கொல்லன்:
கேளுங்கள் தம்பி! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டூலை மழுங்கடித்தது நீங்கள், பழி இரும்பு மேலே. ஆனால் ராணி, சக்கரத்தைக் கவ்விப் பிடித்துச் சுழலும் சக்குக்குப் பக்கத்தில் நாளிதழா? சுருட்டி இழுத்துக்கொண்டு போகும். என் தாத்தா பொடியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஈப்போ ராணி:
உங்கள் தாத்தா லேத்காரரா, டயர்காரரா? முதலில் அதை முடிவு பண்ணுங்கள்.

பட்டர்வொர்த் பையன்:
கேள்விக்கு மட்டும் பதில் வராது. கீழே. விழுந்தால். உடையுமா?

செந்தூல் கொல்லன்:
கீழே போடாதே என்பதுதான் பதில்! இரவல் வாங்கிப் போன, அளவு பார்க்கும் என் டயல் கேஜ் முள் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்ததே, அதையும் கீழேதான் போட்டிருப்பீர்கள்.

பட்டர்வொர்த் பையன்:
கொடுக்கும்போதே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது அண்ணே. அதற்குச் சாட்சி இருக்கிறது.

லேத் பட்டறை:
சாம்பலா, எஸ்ஜியா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

செந்தூல் கொல்லன்:
நீங்கள் குறுக்கே வராதீர்கள், கேஜ் விஷயம் முடியட்டும். யார் அந்தச் சாட்சி?