கற்பனை உலகத்துக்கு ஒரு ராக் ஜானர் (இசை வகை) வரலாறு எழுதறேன், எங்க இடிக்குதுன்னு பார்த்து சொல்லுங்க

உப்புக்காத்து:
மக்களே வணக்கம். ஒரு நாவலுக்காக ரெண்டு வருஷமா ஒரு உலகத்தைக் கட்டிட்டு இருக்கேன், முழுக்க கற்பனை. ஒரு தீவுக்கூட்டம், உப்பளம்தான் எல்லாருக்கும் பொழைப்பு, கரண்ட் மொத்தமும் கடல் ஏத்த இறக்கத்துல ஓடுற ஒரே ஒரு அணையில இருந்து வருது. கடல் ஏறும்போது தண்ணியை உள்ள பிடிச்சு மதகை மூடிடுவாங்க, வெளிய கடல் வத்தினதும் திறந்துவிட்டு டர்பைனை சுத்துவாங்க, ஆக ஒரு தடவைக்கு அஞ்சு மணிநேரம்தான் கரண்ட். இந்தத் தீவுல பொறந்த ராக் இசைக்கு 'உப்புக்கல்'னு பேர் வெச்சிருக்கேன்.

நாப்பது வருஷ வரலாறு எழுதிட்டேன். முதல் பேண்ட், பொற்காலம், ரெண்டா உடையுறது, அழியுறது, திரும்ப எழுந்துக்கறதுன்னு எல்லாம் இருக்கு, ஆனா படிச்சுப் பார்த்தா அரச வம்சத்தைப் பத்தின பாடப்புத்தகம் மாதிரி இருக்கு. பாட்டு எப்படி இருந்துச்சுன்னு வர்ற இடத்துல எல்லாம் 'ஆவேசமான', 'உருக்கமான'ன்னு எழுதி வெச்சிருக்கேன், எனக்கே காதுல ஒண்ணும் கேக்கல. நிஜத்துல ஒரு ஜானர் எப்படித்தான் பொறக்குது? எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

வால்வு சூடு:
முதல் பேண்டை விட்டுடுங்க, ரிப்பேர்ல இருந்து ஆரம்பிங்க.

ராக்னு நாம கேக்கற அந்த கரகரப்பு இருக்கு பாருங்க, அது முதல்ல ஒரு பழுது. 1958ல லிங்க் ரேங்கற அமெரிக்க கிடார்காரர் தன்னோட ஆம்ப் (கிடார் சத்தத்தை பெருசாக்கற பெட்டி) ஸ்பீக்கர்ல பென்சிலால ஓட்டை போட்டாரு. 1961ல வெளிவந்த ஒரு மார்ட்டி ராபின்ஸ் பாட்டுக்கு நாஷ்வில்ல ரெக்கார்டிங் நடக்கும்போது மிக்ஸர்ல ஒரு சேனல் கெட்டுப்போயி பேஸ் கிடார் ர்ர்ர்னு ஒரு மாதிரி வந்துச்சு, அதைத் தூக்கிப் போடாம அப்படியே விட்டுட்டாங்க, அங்க இருந்த இன்ஜினியர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு சின்ன பெட்டிக்குள்ள கொண்டு வந்தாரு, அதுதான் 1962ல ஃபஸ் பெடலா, அதாவது கால்ல மிதிச்சா கரகரப்பு குடுக்கற பெட்டியா, கடைக்கு வந்தது. 1964ல லண்டன்ல கிங்க்ஸ் பேண்டோட டேவ் டேவிஸ் ஒரு குட்டி ஆம்போட ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால கீறிவிட்டாரு. கீறின காகிதம் கம்பியோட அதிர்வுக்கு ஒழுங்கா போய் வராது, ஓரம் எல்லாம் படபடன்னு அடிச்சுக்கும், அந்தப் படபடப்புதான் சவுண்டு.

பிளாக் சபாத் பேண்டோட கிடார்காரர் டோனி அயோமி கதை கேட்டிருப்பீங்க. பர்மிங்ஹாம்ல தகரம் வளைக்கற ஃபேக்டரியில 17 வயசுல, அதுவும் வேலையில கடைசி நாள், மெஷின்ல வலது கையில ரெண்டு விரல் நுனி போச்சு. அவரு இடதுகைக்காரர், கம்பியை அழுத்தற கையே அந்த வலது கைதான். பாத்திரம் கழுவற லிக்விட் பாட்டிலை உருக்கி விரலுக்கு தொப்பி செஞ்சு மேல தோல் ஒட்டி வாசிச்சாரு, வலிக்காம இருக்க பேஞ்சோவோட மெல்லிசான கம்பியை கிடார்ல மாட்டினாரு, அப்புறம் ஸ்ருதியையும் இறக்கினாரு, ஹெவி மெட்டல் சவுண்டு அப்படி வந்ததுதான்.

உங்க தீவுல பழுதாகக்கூடியது எது? எனக்கு உங்க அணை மேலதான் கண்ணு. உள்ள தேங்கின தண்ணி வடிய வடிய மட்டம் இறங்கும், தள்ற வேகம் குறையும், வேகத்தை சீரா வெக்கற கவர்னர் சரியா இல்லாத பழைய டர்பைன்னா கடைசி ஒரு மணிநேரத்துல வோல்டேஜ் தொங்கிடும். வோல்டேஜ் தொங்கினா வால்வ் ஆம்ப், அதாவது பழைய கண்ணாடிக் குழல் ஆம்ப், என்ன பண்ணும் தெரியுமா? கம்பியைத் தட்டின உடனே சத்தம் ஒரு நொடி அமுங்கி அப்புறம் பூத்து வரும், ஓரம் எல்லாம் மழுங்கிடும், கம்மியான சத்தத்துலயே கரகரப்பு வந்துடும். அமெரிக்க ராக் கிடார்காரர் எடி வான் ஹேலன் இதுக்காகவே வேரியாக்னு ஒரு டிரான்ஸ்ஃபார்மரை நடுவுல வெச்சு ஆம்புக்கு போற வோல்டேஜை வேணும்னே குறைச்சு வாசிச்சாரு. அவரு காசு குடுத்து வாங்கினதை உங்க தீவுக்கு கடலே குடுக்குது.

மூணாவது பக்கம்:
மேல சொன்னதுல ஒரு சின்ன திருத்தம் நண்பா. அயோமி ஸ்ருதியை நல்லா இறக்கினது 1971ல வந்த மூணாவது ஆல்பத்துலதான், மூணு அரைஸ்வரம் கீழ. 1970 பிப்ரவரியில வந்த முதல் ஆல்பம் சாதாரண ஸ்ருதிதான், ஆனா அதுவே அவ்ளோ கனமா இருந்துச்சு. வரலாறு எழுதறவருக்கு இது முக்கியம்னு நினைக்கறேன், விபத்து நடந்த மறுநாளே ஜானர் பொறந்துடாது, நடுவுல அஞ்சாறு வருஷம் தடவித் தடவிதான் போகும். கதை சொல்றவங்க அந்த வருஷங்களை எல்லாம் முழுங்கிடுவாங்க.

அலைவரிசை 95:
ஆம்ப் சரி, அது சவுண்டு எங்கேர்ந்து வந்துச்சுங்கறதுக்குத்தான் பதில், அது ஏன் நாலு பேருக்கு மேல பரவுச்சுங்கறதுக்கு பதில் இல்ல. பரவுறதுக்கு ரேடியோ வேணும், சட்டம் வேணும், கையில கொஞ்சம் காசு வேணும். நான் வருஷக்கணக்கா தேடித் தேடி கேக்கற இசை ஜாம்ராக், அதாவது ஜாம்பியா நாட்டு ராக், அதை வெச்சே சொல்றேன்.

ஜாம்பியா, 1964ல சுதந்திரம். செம்பு நாடு, செம்பு விலை நல்லா இருந்த வரைக்கும் சுரங்க ஊர்கள்ல காசு புழங்குச்சு, பசங்க கையில எலக்ட்ரிக் கிடார் வந்துச்சு. அதிபர் கென்னத் கவுண்டா ரேடியோவுல போடற பாட்டுல 95 சதவீதம் நம்ம நாட்டுப் பாட்டா இருக்கணும்னு உத்தரவு போட்டாரு. யோசிச்சுப் பாருங்க, ஒரே உத்தரவுல இவ்ளோ பெரிய காலியிடம், அதுல இந்தப் பசங்க ஃபஸ் கிடாரோட போய் நின்னாங்க. விட்ச்ங்கற பேண்டோட பாடகரை ஜகாரின்னுதான் கூப்பிடுவாங்க, ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரோட பேரை அந்த ஊர் வாயில போட்டு உருட்டினா அப்படி வரும். 70களோட நடுவுல செம்பு விலை விழுந்துச்சு, அக்கம்பக்கத்து நாடுகள்ல போர், ஊரடங்கு, ராத்திரி கச்சேரி நடத்த முடியாம பகல்ல வாசிச்சாங்க. அதுக்கப்புறம் எய்ட்ஸ் வந்து அந்தத் தலைமுறையையே வாரிக்கிட்டு போயிடுச்சு, விட்ச்சோட ஆரம்ப கால ஆளுங்கள்ல மிஞ்சினது ஜகாரி மட்டும்தான். அவரு ரத்தினக்கல் தோண்டிப் பொழைச்சுட்டு இருந்தப்ப வெளிநாட்டுல பழைய ரெக்கார்ட் தேடறவங்க வந்து கண்டுபிடிச்சு திரும்ப வெளியிட்டாங்க. அந்த இசையோட கடைசிக் காலத்து பாட்டுகளைக் கேட்டுட்டு ஒருநாள் ராத்திரி முழுக்க நான் தூங்கல.

நீங்க 'வீழ்ச்சி'ன்னு ஒத்தை வார்த்தை போட்டிருக்கீங்க. அதுக்குள்ள யார் யார் செத்தாங்க, யார் கிடாரை வித்தாங்க, யார் உப்பளத்துக்கே திரும்பிப் போனாங்கன்னு எழுதுங்க.

அப்புறம் பாட்டு எதுல பதிவாச்சுங்கறதையும் முடிவு பண்ணுங்க, பாட்டோட நீளமே அதைப் பொறுத்துதான். 45 ஆர்பிஎம் சிங்கிள், அதாவது நிமிஷத்துக்கு 45 சுத்து சுத்தற சின்ன ரெக்கார்ட், 1949ல வந்துச்சு, அதுல ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம், பாட்டும் அதே நீளம். 1948ல வந்த எல்பிங்கற பெரிய ரெக்கார்ட்ல ஒரு பக்கம் 20 நிமிஷத்துக்கு மேல போகும், பின்னாடி அந்த இடத்தை நிரப்ப நினைச்சவங்கதான் நீளமான, சிக்கலான பாட்டு வாசிக்கற ப்ராக் ராக் பக்கம் போனாங்க. சோவியத் யூனியன்ல தடை பண்ணின இசையை ஆஸ்பத்திரி தூக்கிப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிம்ல வெட்டி வித்தாங்க, நடு ஓட்டையை சிகரெட்டால சுட்டு போடுவாங்க, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா யாரோ ஒருத்தரோட விலா எலும்பு தெரியும். கொஞ்ச தடவை ஓட்டினாலே தேய்ஞ்சிடும். தேய்ஞ்சுபோன பாட்டை மனப்பாடமா வாசிக்கற பசங்க கையில அது வேற பாட்டா மாறிடும்.

பெயர் தெரியாத தோட்டா:
எல்லாரும் மெஷினையும் சட்டத்தையும் பேசறீங்க, எனக்கு ஒத்துக்க மனசில்ல. சஹாரா பாலைவனத்து டினாரிவென் பேண்டோட இப்ராஹிம் சின்னப் பையனா இருந்தப்பவே தகர டப்பா, ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி வெச்சு கிடார் செஞ்சவரு. நாலு வயசுல தன்னோட அப்பாவைக் கொன்னதைப் பார்த்தவரு. அந்த டப்பா கிடாரால சவுண்டு வந்துச்சுன்னு சொன்னா பாதிதான் உண்மை, சொல்லியே ஆகணும்னு உள்ள ஒண்ணு இருந்ததாலதான் டப்பா கிடாரே வந்துச்சு. அவங்க பாட்டு சஹாரா முழுக்க பரவினது ரேடியோவால இல்ல, கேசட்ல இருந்து கேசட்டுக்கு காப்பி பண்ணி கைமாறி கைமாறிப் போச்சு. உப்பளத்துல என்ன நடந்துச்சு? எதுக்கு கத்தறாங்க? அது தெரியாம வோல்டேஜ் தொங்கி என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு, 'உப்புக்கல்'னு பேர் வெச்சது யாரு? ஜானருக்கு பேர் வெக்கறது பல தடவை வெளியாளுங்கதான். ஜெர்மன் பேண்டுகளை க்ரௌட்ராக்னு சொன்னது பிரிட்டிஷ் பத்திரிகைக்காரங்க, க்ரௌட்ங்கறது ஜெர்மன்காரங்களை கேலியா சொல்ற சொல்லு, அங்க வாசிச்ச பல பேருக்கு அந்தப் பேர் பிடிக்கவே இல்ல. உங்க தீவு ஆளுங்க தங்களோட இசையை என்னன்னு சொல்லிக்கிட்டாங்கன்னு கண்டுபிடிங்க.

உப்புக்காத்து:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா இதையேதான் யோசிச்சுட்டு இருந்தேன். பழைய வரலாறு முழுசையும் அழிச்சுட்டேன். இப்ப இருக்கறது இதுதான்:

உப்பளத்துல கூலியை மூட்டை எண்ணித்தான் குடுப்பாங்க, கரண்ட் இருக்கற அஞ்சு மணிநேரமும் விளக்கைப் போட்டு மூட்டை தூக்கணும். கடைசி மணிநேரத்துல விளக்கு மங்கி எண்ணறவருக்கு கண்ணு தெரியாது, எண்ணிக்கையை நிறுத்திடுவாங்க, அந்த நேரம் தூக்கினா கூலி கிடையாது. அந்த கூலியில்லாத மணிநேரம்தான் இவங்களோடது. வெடிச்ச கையில ஆறாவது விரலா உப்பு ஒட்டியிருக்கும், அதோட கம்பியை மாத்தி மாத்தி அழுத்த முடியாது, அதனால ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சா விடாம நீட்டிக்கிட்டே இருப்பாங்க. அவங்க இதை 'மங்கல்'னுதான் சொன்னாங்க. 'உப்புக்கல்'ங்கறது பெரிய தீவுல இருந்து பதிவு பண்ண வந்தவங்க வெச்ச பேரு.

வால்வு சூடு:
இப்ப எனக்கு கேக்குது! பதிவு பண்ண வந்தாங்கன்னு சொன்னீங்களே, டேப் ரெக்கார்டர் எந்த கரண்ட்ல ஓடுச்சு? அதே அணையா? அப்படின்னா மோட்டாரும் மெதுவா ஓடியிருக்கும். மெதுவா ஓடின டேப்புல பதிஞ்சதை நல்ல கரண்ட்ல போட்டா பாட்டு வேகமாவும் கீச்சுன்னும் வரும். பெரிய தீவுல எல்லாரும் கேட்டது அந்த வேகமான பாட்டைத்தான்.

அலைவரிசை 95:
ஐயோ, இது அபாரம். அப்ப அடுத்த தலைமுறை டேப்பைக் கேட்டு வேகமா வாசிக்கக் கத்துக்கிட்டு அதுதான் அசல்னு சத்தியம் பண்ணும். உங்களோட அந்த 'ரெண்டா உடையுறது' இங்கதான் நடக்கணும்.

உப்புக்காத்து:
ஆமாங்க, இதைப் படிச்சதும் உடம்பு சிலிர்த்துடுச்சு. முதல் அத்தியாயமே கிடைச்சிருக்கு. பதினேழு வயசுப் பொண்ணு ஒருத்தி டேப்ல கேட்டபடி அச்சு பிசகாம வாசிக்கறா, அந்தப் பாட்டை முதல்ல வாசிச்ச கிழவர் பின்வரிசையில உக்காந்து கேக்கறாரு. கேட்டு முடிச்சுட்டு அவ ஆம்போட பிளக்கைப் பாதி உருவிப் பார்த்து, சொருகி, பக்கத்துல உக்காந்து, மெதுவா அவ மணிக்கட்டைப் பிடிக்கறாரு. இன்னைக்கு ராத்திரி அதைத்தான் எழுதப்போறேன்.

பெயர் தெரியாத தோட்டா:
எழுதினதும் இங்க போடுங்க. அந்தக் கிழவர் வாயைத் திறந்து எதையும் விளக்க வேண்டாம், அவ வேகம் தானா குறையட்டும்.