வார்டில் பரிவைப் பழக்குவது: என் அனுபவம்

பரிவைக் கற்பிக்க முடியுமா, அது பிறவியிலேயே வர வேண்டியதல்லவா என்று பலர் கேட்கிறார்கள். கொழும்பில் மருத்துவ மாணவர்களுக்கு வார்டில் பாடம் எடுக்கிறேன். நான் பார்த்தவரை, பெரும்பாலான பிள்ளைகள் பரிவோடுதான் வருகிறார்கள். எங்களிடம் வந்த பிறகுதான் அது தேய்கிறது.

அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களின் பரிவை ஆண்டுதோறும் அளந்து, 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிய மாற்றம் இல்லை. மூன்றாம் ஆண்டில் சட்டென்று இறங்கிவிடுகிறது. நோயாளிகளோடு நெருங்கிப் பழகத் தொடங்கும் ஆண்டே அதுதான்! படித்தபோது மனம் கனத்தது. இங்கேயும் அதைத்தான் கண்ணால் பார்க்கிறேன்.

மண்ணீரல் வீங்கிய நோயாளி ஒருவர் அட்மிட் ஆனால் போதும், மாணவர்களுக்குள் செய்தி பரவிவிடும்: “14-ஆம் கட்டிலில் நல்ல ஸ்ப்லீன் ஒண்டு இருக்காம்.” ஒருமுறை அந்தக் கட்டிலில் இருந்தவர் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்த அம்மா. காலையிலிருந்து ஒருவர் மாறி ஒருவராக அவருடைய வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி முறை வந்தபோது கையை வைக்காமல், “அம்மா, நோகுதோ? வேண்டாமெண்டா சொல்லுங்கோ, நான் போறன்” என்றாள்.

“பரவால்ல, பாருங்க தாயி. படிக்கிற புள்ளைங்கதானே. காலையில இருந்து யாரும் கேக்கல, அதான்.”

அந்த அம்மா சம்மதித்தார் என்பது உண்மை. ஆனால் இலவச ஆஸ்பத்திரியில் ஏழை நோயாளியின் சம்மதத்தில் பயமும் கலந்திருக்கிறது. மறுத்தால் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம். 1870-இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து இந்த நாட்டு டொக்டர்கள் தொழில் பழகியது இப்படிப்பட்டவர்களின் உடம்பில்தான். அந்தக் கடனை மாணவர்கள் முதல் நாளே அறிய வேண்டும். என் குழுவில் இப்போது சில விதிகள் உண்டு. பெயர் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், திரையை இழுக்க வேண்டும், கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும், அழுத்தும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரே நோயாளியைக் காலையில் மூன்று பேருக்கு மேல் தொடக் கூடாது. வேண்டாம் என்று அவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும்.

இன்னொரு பயிற்சி, ஒரு நோயாளியோடு கிளினிக் நாள் முழுக்கக் கூடவே இருப்பது. நம்பர் எடுப்பதிலிருந்து மருந்து வாங்கும் வரை, உட்கார்ந்து காத்திருக்கும் வாங்கிலும் வரிசையிலும் அவர் பக்கத்தில். வெள்ளைக் கோட் போடக் கூடாது. குருநாகல் மாணவன் ஒருவனுக்குப் பதுளையிலிருந்து வந்த ஐயா ஒருவர் கிடைத்தார். இவனுக்கு அரைகுறைத் தமிழ், அவருக்குச் சமாளிக்கும் சிங்களம். மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்று ஐயாவின் கிளினிக் கொப்பியில் ஏற்கெனவே எழுதியிருந்தது. பின்னேரம் அவன் என்னிடம் வந்து சொன்னான்: ஐயா முதல் நாள் இரவே பஸ் ஏறியிருக்கிறார், டொக்டரோடு பேசியது சில நிமிடங்கள், ஒரு மாத்திரை கையிருப்பில் இல்லையென்று வெளியே வாங்க எழுதிக் கொடுத்தார்கள், கையில் இருந்தது திரும்பிப் போகிற பஸ் காசு மட்டும். “மிஸ், ஏன் எடுக்கவில்லை என்று ஒருத்தரும் எழுதவில்லையே” என்று கேட்டான். எந்த விரிவுரையாலும் அவன் வாயில் அந்தக் கேள்வியை வரவழைத்திருக்க முடியாது.

நேரமில்லை என்று சொல்பவர்களுக்கு ஒன்று. கன்சாஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் செய்து 2012-இல் வெளியான சிறு ஆய்வில், டொக்டர் நின்று பேசியதைவிட உட்கார்ந்து பேசியபோது அதிக நேரம் இருந்ததாக நோயாளிகள் உணர்ந்தார்கள். உண்மையில் அவர் கூடுதல் நேரம் எடுக்கவில்லை. எங்கள் வார்டுகளில் கதிரை கிடைப்பதே கஷ்டம், சரி. கட்டிலருகே குனிந்தாவது அவருடைய கண் மட்டத்துக்கு வரலாமே.

ஆனால் பெரியவர்களான நாங்கள் மாறாவிட்டால் இதெல்லாம் நிலைக்காது. ரவுண்ட்ஸில் நோயாளியின் முன்னால் மாணவனைக் கூனிக் குறுக வைக்கும் சீனியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவமானப்பட்டு நிற்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் நோயாளியின் முகம் தெரியாது. அடுத்து என்ன கேட்பார்களோ என்ற பதற்றம்தான் இருக்கும். மேலிருந்து என்ன வருகிறதோ அதைத்தான் அவர்கள் கீழே கொடுப்பார்கள். அதனால் ரவுண்ட்ஸ் முடிந்ததும், “இன்றைக்கு எந்த நோயாளி உங்கள் மனதைக் கலக்கினார்?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் மூடி இருக்கிறேன். சில நாள் யாராவது அழுவார்கள். அழட்டும்.

இன்டேர்னாகிப் போன பிறகு, இரவும் பகலும் வேலை செய்து களைத்துப்போகிற பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு என்னிடம் இன்னும் நல்ல வழி இல்லை. பயிற்றுவிக்கும் தாதியர், டொக்டர்மார் யாராவது உங்கள் வார்டில் ஏதாவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.