ஆயில் சுவிட்ச் தலைகீழாக ஒளிர்ந்த அனுபவம்

பழைய கார்களின் மீட்டர் போர்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஒவ்வொன்றையும் வண்டியில் மாட்டிப் பார்க்க நேரமில்லாததால், மேசையிலேயே வைத்துச் சோதிக்க ஒரு பெட்டியை நானே செய்தேன். உள்ளே 12 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளையும் 2 ஆம்பியர் ஃபியூஸும் உள்ளன. முகப்பில் விளக்கு வைத்த எட்டு ராக்கர் சுவிட்சுகள் இருக்கின்றன: நேரடி பேட்டரி, சாவி, பார்க் லைட், இடது வலது இண்டிகேட்டர்கள், ஹைபீம், ஆயில் பிரஷர், ஹேண்ட்பிரேக். ஜெர்மன் வண்டிகளின் வரைபடங்களோடு ஒத்துப்போகட்டும் என்று பேட்டரிக்கு 30, சாவிக்கு 15, பார்க் லைட்டுக்கு 58, எர்த்துக்கு (நெகட்டிவ்) 31 என்ற எண்களையும் எழுதி ஒட்டினேன்.

இந்த வகை சுவிட்சில் மூன்று கால்கள் இருக்கும். ஒன்றில் மின்சாரம் உள்ளே வரும், இன்னொன்றில் வெளியே போகும், மூன்றாவது விளக்குக்கான எர்த். விளக்கு வெளியே போகும் காலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருப்பதால், சுவிட்சைப் போட்டால்தான் எரியும். முதல் ஆறு சுவிட்சுகளும் மீட்டருக்கு பாசிட்டிவைக் கொடுப்பவை என்பதால் ஒரு சிக்கலும் வரவில்லை.

சிக்கல் ஆயிலிலும் ஹேண்ட்பிரேக்கிலும் தொடங்கியது. வண்டியில் ஆயில் விளக்கின் ஒரு முனைக்குச் சாவி வழியாக 12 வோல்ட் வந்து நிற்கும். பிரஷர் இல்லாதபோது எஞ்சினில் உள்ள சுவிட்ச் மறுமுனையை எர்த்தோடு சேர்க்கும். அதனால் இந்த இரண்டு சுவிட்சுகளுக்கும் உள்ளே வரும் காலில் எர்த்தைக் கொடுத்தேன். ஆனால் விளக்குக் காலையும் மற்ற சுவிட்சுகளோடு ஒரே வயரில் சேர்த்து எர்த்திலேயே விட்டுவிட்டேன். விளைவாக, சுவிட்சை அணைத்தால் அதன் விளக்கு எரிந்தது, போட்டால் அணைந்தது. ஒரு மாருதி 800 மீட்டரை மாட்டியபோது ஆயில் லைட் சரியாகவே வேலை செய்ததால், சுவிட்சுகளின் விளக்குகள் மட்டும் தலைகீழாகிவிட்டன என்று எண்ணி அப்படியே பயன்படுத்தி வந்தேன்.

பிறகு எல்.இ.டி. விளக்குகள் கொண்ட ஒரு மீட்டர் வந்தது. ஆயில் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே மீட்டரில் ஆயில் லைட் மங்கலாக எரிந்தது. போர்டில் எங்கோ கசிவு இருக்கிறது என்று நம்பி, ஒரு மாலைப் பொழுது முழுவதும் கனெக்டரைச் சுத்தம் செய்து, சால்டர்களைப் புதுப்பித்தேன். கடைசியில் பெட்டியிலிருந்து வரும் ஆயில் வயரைக் கழற்றியதும் அந்த மங்கல் ஒளி மறைந்துவிட்டது. குறை என் பெட்டியில்தான் இருந்தது. நல்ல மீட்டரைக் கெட்டது என்று உரியவரிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

சுவிட்ச் அணைந்திருக்கும்போது, மீட்டரின் 12 வோல்ட் ஆயில் விளக்கைக் கடந்து, சுவிட்சின் உள் விளக்கு வழியாக எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1.2 வாட் இழை பல்பு எரிய 100 மில்லி ஆம்பியர் வேண்டும் என்பதால், சில மில்லி ஆம்பியர் போவது அதில் தெரியாது, எல்.இ.டி.யில் தெரிந்துவிடும். சுவிட்சைப் போட்டால் உள் விளக்கின் இரு முனைகளும் எர்த்தாகிவிடுவதால் அது அணைந்துவிடும்.

விளக்குக் காலை 12 வோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். சுவிட்சுக்குள் இருந்ததும் எல்.இ.டி. என்பதால் திசை மாறி, எரியவே இல்லை. இழை பல்பு வைத்த சுவிட்சாக இருந்தால் எரிந்திருக்கும். ஆனால் அந்த 12 வோல்ட்டைச் சாவி வழியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நேரடி பேட்டரியிலிருந்து எடுத்தால், சாவி அணைந்த பிறகும் மீட்டருக்குள் பின்வழியாக மின்சாரம் நுழையும்.

முடிவில், எல்லாச் சுவிட்சுகளையும் பாசிட்டிவை மட்டும் கொடுக்கும்படி அமைத்து, ஆயிலுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவில் யு.எல்.என். 2003 என்ற ஏழு வழி ஐ.சி.யை (மின்னணுச் சில்லு) வைத்தேன். சுவிட்ச் அதன் உள்வழிக்கு 12 வோல்ட் கொடுக்கிறது. வெளிவழி மீட்டரின் வயரை எர்த்துக்கு இழுக்கிறது. இப்போது சுவிட்சின் விளக்கும் மீட்டரின் விளக்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. வெளிவழியில் ஏறத்தாழ 0.9 வோல்ட் எஞ்சும் என்பதால், முழு எர்த் தேவைப்படும் மீட்டர்களுக்குச் சிறிய ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துக்கொள்வது மேல்.

* * *

அண்ணா, உங்கள் அனுபவத்தைப் படித்தேன். இதேபோன்ற பெட்டியில் நான் வேறு விதத்தில் சிக்கினேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய சிவப்புச் சுவிட்சுகளில் இருந்தது 230 வோல்ட்டுக்கான நியான் விளக்கு என்று அறியாமல், 12 வோல்ட்டில் ஏன் எரியவில்லை என்று கால்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். நியான் ஒளிர ஏறத்தாழ 60 வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். அந்த மாற்றங்களில் ஒன்றில் சுவிட்சின் வெளியே போகும் காலுக்கு எர்த் போய்விட, சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போனது. அன்றிலிருந்து புது வயரிங் எதுவானாலும் முதலில் ஒரு 21 வாட் பல்பைத் தொடராக வைத்தே மின்சாரம் கொடுக்கிறேன். நேரடி ஷார்ட் ஆனாலும் 2 ஆம்பியருக்குள் அடங்கி, பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரி சார்ஜ் ஆகாதபோது எரியும் சார்ஜ் லைட்டை பாசிட்டிவ், எர்த் இரண்டில் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று சொல்லுங்கள்.

* * *

தம்பி, சார்ஜ் லைட்டும் எர்த் பக்கம்தான். எஞ்சின் ஓடாதபோது ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) அந்த வயரை எர்த் நோக்கி இழுக்கும். ஓடத் தொடங்கியதும் இரு முனைகளிலும் ஒரே வோல்ட்டேஜ் வந்து விளக்கு அணையும். அதற்கும் ஐ.சி.யின் ஒரு வழியைக் கொடுங்கள். ஐ.சி.யின் எட்டாவது கால் பெட்டியின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகு மீட்டரை மாட்டுங்கள்.